ஆறாம் அத்தியாயம்: கணினியை எதிராளியாகக் கொண்டு சதுரங்கம் பயிலும் முறை

காய்களின் கதியையும் ஆட்டத் தொடக்கத்தின் பொது நியதிகளையும் கோட்டை கட்டும் விதத்தையும் முந்திய அத்தியாயங்களில் பயின்று, வீட்டாரோடும் தெருப்பிள்ளைகளோடும் ஆடி ஓரளவு கை தேர்ந்த வாசகருக்கு, அடுத்தபடியாக எழும் கேள்வி, இனி யாரோடு ஆடுவது என்பதே. சென்னையில் பிறந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி அவ்வளவு கடினமானதன்று. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் 1972-இல் சோவியத் கலாசார மையத்தில் தொடங்கிவைத்த தால் சதுரங்கக் கழகம் போன்ற ஓர் இடத்துக்கு மாலைதோறும் போய், தன்னிலும் வலியவர்களிடம் தோற்றுத் தோற்றுத் தேர்ச்சி பெறும் பாக்கியம், சிறுவனாக இருந்த விசுவநாதன் ஆனந்துக்கு வாய்த்தது. திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையே, ஒரு பக்கம் வயலும் மறுபக்கம் உப்பளத்துக்குப் போகும் சாலையுமாக இருக்கும் பிரம்மதேசத்தில், அண்ணனையும் அடுத்த வீட்டுப் பையனையும் வகுப்பாசிரியரையும் வென்றுவிட்ட பெண்ணுக்கோ பிள்ளைக்கோ, அதற்குமேல் ஆட ஆள் கிடையாது. இந்த ஒரு குறையை நீக்குவதற்கே, உலகத்தின் எந்த மனிதனையும் வெல்லத்தக்க ஓர் எதிராளி, அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும் செல்பேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த எதிராளியை எவ்விதம் உபயோகித்தால் பிரயோஜனம், எவ்விதம் உபயோகித்தால் நஷ்டம் என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

முதலில் அதன் பலத்தைப் பற்றி மயக்கமில்லாமல் தெரிந்துகொள்வோம். 1996 பிப்ரவரியில் பிலடெல்பியா நகரில் உலக சாம்பியன் காஸ்பரோவ், ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ என்னும் யந்திரத்திடம் முதல் ஆட்டத்தில் தோற்றாலும், ஆறு ஆட்டங்களின் முடிவில் 4–2 என்று வென்றார். அடுத்த ஆண்டு மே மாதம் நியூயார்க்கில், ஒரு விநாடியில் இருபது கோடி நிலைகளைப் பரிசீலிக்கத்தக்கதாகத் திருத்தியமைக்கப்பட்ட அதே யந்திரத்திடம் 3½–2½ என்று தோற்றார். 2006-இல் பான் நகரில் அன்றைய உலக சாம்பியன் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் என்னும் நிரலிடம் 4–2 என்று தோற்றபோது, அது ஓடியது கடையில் வாங்கத்தக்க கணினியில். விநாடிக்கு எண்பது லட்சம் நிலைகளைத்தான் அது பார்த்தது. 2009-இல் புவெனஸ் ஐரிஸ் நகரத்துப் பந்தயம் ஒன்றில், ஒரு கைத்தொலைபேசியில் ஓடிய பாக்கெட் ஃபிரிட்ஸ், விநாடிக்கு இருபதாயிரம் நிலைகளுக்கும் குறைவாகவே பார்த்தும், பத்து ஆட்டங்களில் ஒன்பதரைப் புள்ளி பெற்றது. எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வர, பலம் ஏறிக்கொண்டே வந்திருப்பதை வாசகர் கவனிக்க வேண்டும். வேகத்தால் மட்டும் வந்த வெற்றி அன்று இது, எந்த நிலையைப் பார்க்க வேண்டும், எதைப் பாராமலே தள்ளிவிடலாம் என்னும் விவேகத்தை நிரல் எழுதியவர்கள் ஆண்டுக்காண்டு யந்திரத்துக்குள் ஏற்றியதால் வந்தது.

ஆகையால், முழு பலத்தோடு ஆடும் கணினியை ஒரு முழு ஆட்டத்தில் வெல்வது என்ற எண்ணத்தை வாசகர் இந்தக் கணமே கைவிடுவது நலம். அதில் மானக்குறைவு எதுவும் இல்லை. நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் என்ற திருநாமத்தோடு கோயில் கொண்டிருக்கும் இறைவன், எவராலும் ஆட்டத்தில் வெல்லப்படாத இராஜராஜேஸ்வரி என்னும் அரசகுமாரியை முதியவர் வடிவில் வந்து வென்றதாகத் தலபுராணம் கூறுகிறது. தனக்கு எட்டாத எதிராளியின் முன் அமர்ந்து ஆடியதனால் அவள் பெருமை குறைந்ததாக அந்தக் கதையில் எங்கும் இல்லை. தோல்வி நிச்சயம் என்று தெரிந்தபின், அந்தத் தோல்வியிலிருந்து எதைப் பெற்றுக்கொள்வது என்பதுதான் நம் ஆராய்ச்சிக்கு உரியது.

யந்திரம் சிந்திக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்வதானால், அது தன் முன்னுள்ள நிலையில் செய்யத்தக்க நகர்த்தல்களையும், ஒவ்வொன்றுக்கும் எதிராளி தரத்தக்க பதில்களையும், அந்தப் பதில்களுக்குத் தன் மறுபதில்களையும் கிளை கிளையாக விரித்துப் பார்த்து, கிளையின் நுனியில் உள்ள நிலைக்கு ஒரு மதிப்பெண் இட்டு, எதிராளி தனக்கு மிகவும் நல்லதையே செய்வான் என்ற அனுமானத்தின்மேல் தன் நகர்த்தலைத் தேர்ந்தெடுக்கிறது. முற்காலத்தில் அந்த மதிப்பெண்ணை மனிதர் வகுத்த சூத்திரங்களே இட்டன. 2017-இல் ஆல்ஃபாஜீரோ என்னும் நிரல், மனித ஆட்டங்கள் எதையும் பாராமல் தன்னோடு தானே ஆடிக் கற்று, அன்று தலைசிறந்திருந்த ஸ்டாக்ஃபிஷ் நிரலை நூறு ஆட்டங்களில் 28 வெற்றி, 72 சமன் என்று ஒரு தோல்வியும் இல்லாமல் வென்ற பிறகு, தானே பயின்ற நரம்பு வலைகள் அந்த வேலையை ஏற்றன. 2020 முதல் ஸ்டாக்ஃபிஷும் அத்தகைய வலை ஒன்றைத் தன்னுள் கொண்டுவிட்டது. ஸ்டாக்ஃபிஷ் இலவசமாகக் கிடைப்பது. லிசெஸ் என்னும் இணையதளத்தின் செயலியிலும், டிராய்ட்ஃபிஷ் என்னும் செயலியிலும், காசின்றி, இணையத் தொடர்பு அறுந்த வேளையிலும் அதனோடு ஆடலாம். புயல் மழைக் காலத்தில் செல்பேசிக் கோபுரங்கள் அடிக்கடி செயலற்றுப் போகும் நம் கரையோரத்துக்கு இது பெரிய அனுகூலம்.

இவ்வளவு பலம் கொண்ட இந்த எதிராளியிடம் ஒரு குறை உண்டு. அது வாய் திறந்து காரணம் சொல்வதில்லை. குதிரையை இந்தக் கட்டத்தில் வை என்று காட்டும். ஏன் என்று கேட்டால் ஓர் எண்ணையும் பன்னிரண்டு நகர்த்தல்கள் கொண்ட ஒரு வரிசையையும் காட்டும். காரணத்தை நாமேதான் தேட வேண்டும். கணினியோடு பயில்வதன் முழு ரகசியமும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கீழே சொல்லப்போகும் முறைகள் யாவும் இதிலிருந்து பிறந்தவையே.

முதலாவது, காலம். 1998 ஜூலையில், இத்தாலியைச் சேர்ந்த இஸ்கியா என்னும் தீவில், அன்று உலகத் தரவரிசையில் இரண்டாமிடத்தில் இருந்த நம் ஆனந்த், நெதர்லாந்துக்காரரான எட் ஷ்ரோடர் இயற்றிய ரெபல் 10 என்னும் நிரலோடு எட்டு ஆட்டங்கள் ஆடினார். முடிவு 5–3 என்று யந்திரத்துக்கே சாதகம். உலகம் அந்த ஒற்றைக் கணக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது. ஆனால் பயில்கிறவன் பார்க்க வேண்டியது அந்த எட்டு ஆட்டங்களும் மூன்று விதமான கால அளவில் நடந்தன என்பதே. ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று ஆடிய நான்கு மின்னல் ஆட்டங்களில் யந்திரம் 3–1 என்று வென்றது. பதினைந்து நிமிஷ ஆட்டங்கள் இரண்டில் 1½–½ என்று வென்றது. நாற்பது நகர்த்தல்களுக்கு இரண்டு மணி நேரம் என்ற முறையான பந்தய ஆட்டங்கள் இரண்டில், ஆனந்த் 1½–½ என்று வென்றார். மனிதனும் அவனே, யந்திரமும் அதுவே. மாறியது கடிகாரம் ஒன்றுதான். ஐந்து நிமிஷத்தில் ஒரு கணக்குப் பிசகை யந்திரம் ஒருபோதும் மன்னிப்பதில்லை. இரண்டு மணி நேரத்தில் மனிதனுக்குத் திட்டம் வகுக்கவும், அந்தத் திட்டத்தைச் சோதித்துக்கொள்ளவும், அவசரத்தில் கண்ணுக்குத் தப்பும் அபாயத்தை இரண்டாம் முறை பார்த்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது.

இன்றைய செல்பேசி அன்றைய ரெபலைவிடப் பன்மடங்கு வலியது. இன்று இரண்டு மணி நேரம் அல்ல, இரண்டு நாள் கொடுத்தாலும் ஆனந்த் ஸ்டாக்ஃபிஷை வெல்வது அசாத்தியம். ஆயினும் இஸ்கியாவின் பாடம் பழுதாகவில்லை. நம் பிள்ளைகள் செல்பேசியை எடுத்ததும் தொடுவது ஒரு நிமிஷ ஆட்டத்தையும் மூன்று நிமிஷ ஆட்டத்தையுமே. அதில் கை பழகுகிறது, சிந்தனை பழகுவதில்லை. கணினிக்கு எதிரே உட்கார்ந்தால், அது ஒரு விநாடியில் பதில் சொல்லட்டும், நமக்குக் கால வரம்பே வேண்டாம் என்று வைத்துக்கொள்க. கணினி முகம் சுளிக்காது; கொட்டாவி விடாது; சீக்கிரம் ஆடு தம்பி என்று அவசரப்படுத்தாது. மனித எதிராளி எவரும் தரச் சம்மதிக்காத இந்தப் பொறுமைதான் அதனிடமிருந்து நாம் கேட்டு வாங்க வேண்டிய முதல் உபகாரம். இயன்றால் மரப்பலகையோ பிளாஸ்டிக் விரிப்போ ஒன்றைக் கீழே பரப்பி, கணினியின் நகர்த்தலையும் நம் நகர்த்தலையும் அதன்மேல் காய் எடுத்து வைத்து ஆடுக. போட்டிக்குப் போகும்போது கண் பழகியிருக்க வேண்டியது முப்பரிமாணப் பலகைக்கே, கண்ணாடித் திரைக்கு அன்று.

இரண்டாவது, எதிராளியின் பலத்தைக் குறைத்துக்கொள்ளும் விதம். செயலிகளில் ஒன்று முதல் எட்டு என்றோ, ஆட்டக்காரரின் பலத்தை அளக்கும் எலோ எண் இன்னது என்றோ படிகள் வகுத்திருப்பார்கள். கீழ்ப்படிகளில் கணினி ஆடுவதைக் கூர்ந்து பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். நான்கு நகர்த்தல்கள் மாஸ்டரைப் போல ஆடும், ஐந்தாவதில் ராணியைக் காரணமில்லாமல் வெட்டுக்கு வைக்கும். பலத்தைக் குறைப்பதற்காக, நல்ல நகர்த்தலை விட்டு இடையிடையே மோசமானதைத் தேர்ந்தெடுக்குமாறு அதற்கு விதித்திருப்பதே இதற்குக் காரணம். இப்படிப்பட்ட எதிராளியோடு பல மாதம் ஆடுகிறவன், எதிரி எப்போது தானாக எதையாவது தருவான் என்று காத்திருக்கும் துர்ப்பழக்கத்தையே கற்கிறான். திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ போட்டியில் உட்காரும்போது எதிரே இருக்கும் பிள்ளை அப்படித் தருவதில்லை.

இதற்கு இரண்டு மாற்று உண்டு. மாயா என்னும் நிரல், லிசெஸில் மனிதர் ஆடிய லட்சோப லட்சம் ஆட்டங்களைப் பயின்று, இந்தத் தரத்து மனிதன் இந்த இடத்தில் எதை நகர்த்துவான் என்று ஊகித்து ஆடுமாறு அமைக்கப்பட்டது. அது செய்யும் தவறுகள் மனிதத் தவறுகள். அதே தளத்தில் இணையத் தொடர்பு உள்ளபோது அதனோடு ஆடலாம். மற்றொன்று பழங்காலத்து வழி: வலியவன் ஒரு காயை எடுத்து வைத்துவிட்டு எளியவனோடு ஆடுவது. கணினியை முழு பலத்தில் நிறுத்தி, அதன் ராணியை நீக்கிவிட்டு ஆடுக, ராணி குறைந்த யந்திரத்தை வெல்ல முடிந்தபின் யானையை மட்டும் நீக்கி ஆடுக, பிறகு குதிரையை. சாதகமான நிலையை வெற்றியாக்கும் வித்தை இதில் வருவதுபோல வேறெதிலும் வருவதில்லை. ஏனெனில் யானை குறைந்த கணினி தவறான இடத்தில் ஒரு சிப்பாயைக்கூடத் தானாகத் தராது, நம் பிடி தளர்ந்த கணத்தில் இழந்ததையெல்லாம் மீட்டுக்கொள்ளும்.

இந்த இடத்தில் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1997-இன் நியூயார்க் பந்தயத்தில், டீப் புளூவோடு ஆடிய இரண்டாம் ஆட்டத்தில் காஸ்பரோவ், தம் நிலை கெட்டது என்று முடிவு செய்து ஆட்டத்தைக் கைவிட்டார். தொடர்ந்து செக் கொடுத்து அதைச் சமனாக்கும் வழி இருந்தது என்று பிறகு ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். யந்திரம் அப்படி ஒரு வழியை விட்டிருக்காது என்ற நம்பிக்கையே உலக சாம்பியனின் கண்ணை மறைத்தது. ஆகவே கணினியோடு ஆடும்போது, முற்றுகை விழும் வரை ஆட்டத்தைக் கைவிடலாகாது என்பதை விதியாகக் கொள்க. இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு: 2006-இல் கிராம்னிக், சாதகமாக ஆடிக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தில், ஒரே நகர்த்தலில் தம் ராஜாவுக்கு விழவிருந்த முற்றுகையைப் பாராமல் ராணியை வேறெங்கோ நகர்த்திவிட்டார். அத்தகைய மேதைக்கே அது நேர்ந்தது என்றால், கையைக் காயின்மேல் வைக்குமுன் எதிரிக்குச் செக் உண்டா, வெட்டு உண்டா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளும் வழக்கம் நமக்கு எவ்வளவு அவசியம்!

இனிச் சொல்லப்போவது இந்த அத்தியாயத்தின் உயிர்நிலை. உலகத்திலேயே வலிய யந்திரத்தை, அதன் பலத்தை அணுவளவும் குறைக்காமல், பிரம்மதேசத்து ஏழாம் வகுப்புப் பிள்ளை வெல்லக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது ஆட்டத்தின் இறுதிக் கட்டம். வெற்றி நிச்சயமான நிலையைச் சரியாக ஆடினால், எதிரே இருப்பது மனிதனானாலும் கணினியானாலும் தெய்வமேயானாலும் தோற்றே ஆக வேண்டும். ஏழு காய்கள் வரை மிஞ்சிய எல்லா நிலைகளையும் கணினிகள் முற்றாகக் கணக்கிட்டு அட்டவணையாக்கி வைத்திருப்பதனால், எந்த நிலை வெற்றி, எது சமன் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. செயலியில், வெறும் பலகையை எடுத்து நமக்கு வேண்டிய காய்களை மட்டும் வைத்து அங்கிருந்து கணினியோடு ஆடத் தொடங்கும் வசதி இருக்கிறது. அதுதான் நம் பயிற்சிக்கூடம்.

முதலில் நமக்கு ராஜாவும் ராணியும், கணினிக்கு ராஜா மட்டும். காய்கள் எந்த மூலையில் இருந்தாலும் பத்து நகர்த்தல்களுக்குள் முற்றுகை போட முடியும் என்பது கணக்கு. தொடக்கத்தில் நாற்பது ஆனாலும் பரவாயில்லை. ஐம்பது நகர்த்தல்கள் வரை வெட்டும் இல்லாமல் சிப்பாய் நகர்த்தலும் இல்லாமல் போனால் சமன் என்று கோரலாம் என்ற விதி தலைக்குமேல் தொங்குவதை மட்டும் மறக்கக்கூடாது. எதிரி ராஜாவுக்குச் செக்கும் இல்லாமல் நகர இடமும் இல்லாமல் செய்துவிட்டால் ஆட்டம் சமனாகிவிடும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் ஏறாத பிள்ளைக்கு, கணினி ஒரே மாலையில் அதைக் கற்றுக்கொடுத்துவிடும்.

அடுத்தது, ராஜாவும் யானையும். இதற்கு அதிகபட்சம் பதினாறு நகர்த்தல்கள். யானை ஒரு வரிசையைக் காவல் கொண்டு எதிரி ராஜாவைப் பலகையின் ஒரு பகுதிக்குள் அடைக்கும்; நம் ராஜா முன்னேறி எதிரி ராஜாவுக்கு நேரெதிரே, ஒரு கட்டம் இடைவிட்டு நிற்கும்; அவ்விதம் நின்ற கணத்தில் யானை பக்கவாட்டில் செக் கொடுத்தால் எதிரி ஒரு வரிசை பின்வாங்கியே தீர வேண்டும். கணினி இதை அறியும். நேரெதிரே நிற்பதைத் தவிர்த்து ஒரு கட்டம் விலகி விலகி ஓடும். அப்போது செய்ய வேண்டியது, யானையை அது காவல் காக்கும் அதே வரிசையில் ஒரு கட்டம் தள்ளி வைத்துவிட்டுச் சும்மா காத்திருப்பது. நகர்த்தும் முறை எதிரிக்குப் போனதும் அது வேறு வழியின்றி நம் ராஜாவின் எதிரே வந்து நிற்கும். புத்தகத்தில் படித்தால் இரண்டு வரியில் முடிந்துவிடும் இந்த உபாயம், ஏறக்குறைய குற்றமின்றித் தற்காத்துக்கொள்ளும் எதிராளியிடம் பிரயோகித்துப் பார்த்தால்தான் கைக்கு வரும்; தோழனோடு பயின்றால் தோழன் தானாகவே மூலைக்குப் போய்விடுவான், நமக்கும் வந்துவிட்டது என்ற பிரமை உண்டாகும்.

மூன்றாவதாக, ஒற்றைச் சிப்பாய். இடமிருந்து வலமாகக் கட்டங்களுக்கு ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்ற எழுத்துகள் என்பது வாசகர் அறிந்ததே. நம் வெள்ளை ராஜாவை இ6-இலும், சிப்பாயை இ5-இலும், கணினியின் கறுப்பு ராஜாவை இ8-இலும் வைக்க. யார் முதலில் நகர்த்தினாலும் நமக்கே வெற்றி. ராஜா சிப்பாய்க்கு முன்னே நடந்து வழி திறந்துவிட்டது. அதே சிப்பாய் இ5-இல் இருக்க, வெள்ளை ராஜாவை அதற்குப் பின்னே இ4-இல் வைத்து, கறுப்பு ராஜாவை இ7-இல் நிறுத்தினால் ஆட்டம் சமன். இந்த இரண்டாம் நிலையில் கறுப்பை நாம் எடுத்துக்கொண்டு, வெள்ளையைக் கணினிக்குக் கொடுக்க வேண்டும். அது முழு பலத்தோடு வெல்ல முயலும், நாம் சமனைக் காக்க வேண்டும். சிப்பாய் நம்மைத் தள்ளிக்கொண்டு வந்து, நாம் கடைசி வரிசைக்குப் பின்வாங்க வேண்டிய கட்டாயம் வரும்போது, பக்கவாட்டில் சாயாமல், சிப்பாய் வரும் அதே நேர்வரிசையில் உள்ள கட்டத்துக்கே போக வேண்டும். அப்போதுதான் வெள்ளை ராஜா எந்தப் பக்கம் ஏறினாலும் அதன் நேரெதிரே நாம் போய் நிற்க முடியும். ஒரு கட்டம் பிசகினால் தோல்வி. உலகத்தின் எந்த யந்திரமும் இந்த நிலையில் நம்மை வெல்ல முடியாது என்பதைத் தன் கையாலேயே நிரூபித்துக் கண்ட பிள்ளையின் முகத்தில் வரும் நிமிர்வு, பத்துச் சுற்று மின்னல் ஆட்டத்தில் வராது.

மந்திரியும் குதிரையும் கொண்டு முற்றுகை போடுவது முப்பத்துமூன்று நகர்த்தல்கள் வரை போகக்கூடிய கடினமான வித்தை. அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

இனி, ஆட்டம் முடிந்தபின் செய்ய வேண்டியது. தோற்ற ஆட்டத்தின் கடைசி நகர்த்தல் முடிந்த மறுகணமே, எங்கே தவறினேன் என்று கணினியைக் கேட்கும் பொத்தானை அழுத்துவது இன்று சகஜமாகிவிட்டது. இதை நான் உறுதியாக மறுக்கிறேன். உப்பளத்தில் உவர்நீரை முதற்பாத்தியில் வெயிலில் நிற்கவிட்டுத் தடித்த பிறகே உப்பு விளையும் பாத்திக்குத் திறந்துவிடுவார்களே, அதுபோல ஆட்டம் முதலில் நம் மனத்தில் நின்று தடிக்க வேண்டும். நகர்த்தல்களை ஒரு நோட்டில் எழுதுக. எந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது, எந்த இடத்தில் எதிரியின் நகர்த்தல் எனக்கு எதிர்பாராததாக இருந்தது, எந்த இடத்திலிருந்து நிலை கெட்டது என்று எனக்குத் தோன்றுகிறது என்பவற்றை நகர்த்தலுக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு வரி எழுதுக. மறுநாள் கணினியைத் திறந்து, நம் வரியையும் அதன் தீர்ப்பையும் ஒப்பிடுக. கணினி இடும் மதிப்பெண் ஏறக்குறைய ஒரு சிப்பாயின் மதிப்பை அளவாகக் கொண்டது; அதில் ஒரு சிப்பாய்க்கும் குறைவான ஏற்றத்தாழ்வுகளைப் பொருட்படுத்தாமல், எண் இரண்டுக்குமேல் சட்டென்று தாவிய இடங்களில் மட்டும் நின்று காரணம் தேடினால் தொடக்க மாணவருக்குப் போதும். மற்றவை மாஸ்டர்களின் கவலை.

இது பிற்போக்கான யோசனை என்று யாரேனும் எண்ணினால் அவர்களுக்கு ஒரு பிரத்தியட்ச உதாரணம் காட்டுவேன். சென்னையைச் சேர்ந்த குகேஷ், 2019 ஜனவரியில், பன்னிரண்டு வயதும் ஏழு மாதமும் ஆனபோது கிராண்ட் மாஸ்டரானவர். 2022-இல், மரக்காணம் வழியாகச் செல்லும் அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே உள்ள மாமல்லபுரத்தில் நடந்த நாற்பத்துநான்காம் சதுரங்க ஒலிம்பியாடில், இந்திய இரண்டாம் அணியின் முதற்பலகையில் ஆடித் தங்கம் பெற்றவர். 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் டிங் லிரெனை 7½–6½ என்று வென்று பதினெட்டு வயதில் உலக சாம்பியனானவர். அவருடைய ஆசான் விஷ்ணு பிரசன்னா, எலோ எண் ஏறக்குறைய 2500-ஐ எட்டும்வரை அவரைக் கணினி நிரல்களின் துணையின்றியே பயிற்றுவித்தார். கணினி எல்லார் கைக்கும் வந்துவிட்ட காலத்தில், கணக்கிடுவதும் தீர்மானிப்பதும் பிள்ளையின் வேலையாகவே இருக்கட்டும் என்று ஓர் ஆசான் துணிந்து காத்ததன் பலனை உலகம் கண்டது. பிரம்மதேசத்துப் பிள்ளைக்கு விஷ்ணு பிரசன்னாவைப் போல ஆசான் பக்கத்தில் இல்லை. ஆகவே நம்மால் கணினியை முற்றும் விலக்கிவைக்க இயலாது. ஆனால் அதை எதிராளியின் இடத்திலும், மறுநாள் வரும் பரீட்சகரின் இடத்திலும் நிறுத்தி, நமக்காகச் சிந்திக்கும் இடத்துக்கு மட்டும் வரவிடாமல் காக்க இயலும்.

கணினியின் துணையை வெளிப்படையாக அனுமதித்தே நடந்த ஆட்டங்களும் உண்டு. ஸ்பெயினின் லியோன் நகரில் 1999-இல், ஆளுக்கொரு கணினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆனந்தும், முன்பே உலக சாம்பியன் பட்டம் பெற்றிருந்த கார்போவும் ஆடினார்கள். ஆனந்த் 5–1 என்று வென்றார். யந்திரம் இருவருக்கும் இருந்தது. அதனிடம் எதைக் கேட்பது, அது சொன்னதில் எதை ஏற்பது என்ற ஞானம் ஒருவரிடமே மிகுந்திருந்தது.

அனுமதி இல்லாத இடத்தில் அந்தத் துணையைக் களவாகப் பெறுவதைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளிடம் மறைக்காமல் பேச வேண்டும். 2021 ஜூனில், கொரோனா நிவாரணத்துக்குப் பொருள் திரட்டுவதற்காக இணையவழியில் நடந்த காட்சி ஆட்டம் ஒன்றில், ஆனந்தை எதிர்த்து ஆடிய தொழிலதிபர் ஒருவர் வியக்கத்தக்க வகையில் வென்றார். கணினியின் உதவியையும் வல்லுநர்களின் உதவியையும் பெற்றே ஆடியதாகப் பிறகு தாமே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். நற்காரியத்துக்காக நடந்த விளையாட்டிலேயே அது அவ்வளவு கண்டனத்துக்கு ஆளாயிற்று என்றால், பரிசுக்காக நடக்கும் போட்டியில் அதன் கதி என்ன என்பதை விவரிக்க வேண்டியதில்லை. இணையவழி ஆட்டங்களை நடத்தும் தளங்கள், ஒருவருடைய நகர்த்தல்கள் கணினியின் நகர்த்தல்களோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன, எளிய நகர்த்தலுக்கும் கடின நகர்த்தலுக்கும் அவர் ஒரே நேரத்தை எடுத்துக்கொள்கிறாரா என்பவற்றையெல்லாம் பரிசீலித்துக் கணக்கை மூடிவிடுகின்றன. நேர்ப்போட்டியில் செல்பேசியோடு பலகையின் முன் உட்காருவதே குற்றம். தெரியாமல் பையில் இருந்தது என்ற சமாதானம் அங்கே எடுபடாது; போட்டிக்குப் போகும் பிள்ளையின் செல்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வது உடன்செல்லும் பெரியவரின் கடமை.

கடைசியாக, நம் ஊரின் காலக்கிரமத்துக்கு ஏற்ற ஒரு யோசனை. மரக்காணம் உப்பளங்களில் வேலை நடக்கும் வெயில் மாதங்களில், வைகறைக்கு முன்பே பெரியவர்கள் பாத்திக்குப் போய்விடுவதால், வீட்டு வேலை பிள்ளைகளின்மேல் விழுகிறது. செல்பேசியும் பெரியவர்களோடு போய்விடுகிறது. அந்த மாதங்களில் பலகையையும் நோட்டையும் வைத்து, முன்பு எழுதிய ஆட்டங்களை மறுபடி ஆடிப் பார்ப்பதே போதுமானது. வடகிழக்குப் பருவமழை தொடங்கி உப்பு வேலை நின்றுவிடும் மாதங்களில் செல்பேசி வீட்டில் இருக்கும். அப்போது வாரத்துக்கு இரண்டு நீண்ட ஆட்டங்கள் கணினியோடும், நாள்தோறும் கால் மணி நேரம் மேலே சொன்ன இறுதிக்கட்ட நிலைகளில் ஒன்றும் என்று வைத்துக்கொண்டால், மழை ஓயுமுன் பிள்ளையின் ஆட்டத்தில் மாறுதல் தெரியும். செல்பேசி ஒன்றே இருக்கும் வீட்டில், இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒவ்வொரு நகர்த்தலையும் வாய்விட்டு விவாதித்து, இருவரும் ஒப்பிய பிறகே கணினிக்கு எதிராக நகர்த்துவது மிகச் சிறந்த பயிற்சி. கணினி சொல்லாத காரணத்தை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுவார்கள்.

பள்ளி ஆசிரியர்களுக்கும் ஊர் நூலகப் பொறுப்பாளர்களுக்கும் இந்த நூலாசிரியனின் வேண்டுகோள் ஒன்றுண்டு. செல்பேசியும் செயலியும் எப்படியும் வந்து சேர்ந்துவிடும். நல்ல பலகைகள் நான்கும், காய்கள் நான்கு தொகுதியும், நகர்த்தல்களை எழுத நோட்டுகளும் வாங்கி, வரும் மழைக்காலத்துக்குள் ஓர் அறையில் வைத்துக்கொடுங்கள். முதல் நாள் ராஜாவும் யானையும் மட்டும் எடுத்துத் தொடங்குங்கள்.